களிப்பாறை எண்ணெயும் இறப்பர் மரமும்

சப்பிரகமுவ மாகாணத்திலே, கேகாலை மாவட்டத்தின் தென்பகுதியில், யட்டியாந்தோட்டைக்கும் ருவான்வெல்லைக்கும் அணித்தாக அமைந்திருப்பது புளத்கொகுபிட்டிய. களனி கங்கைக்கு நீர் கொண்டுசெல்லும் ஓடைகள் பாயும் அம்மலைச் சரிவுகளில் இறப்பர் மரங்கள் வரிசை வரிசையாய் நிற்கின்றன. அவற்றினிடையே பொழுது புலர்வதற்கு முன்னரே வேலை தொடங்கிவிடுகின்றது. வெயில் ஏறுமுன் மரத்தின் பட்டையில் பாலின் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏறினால் அது தணிந்துவிடும். ஆதலின் பால்வெட்டுவோர் அதிகாலையிலேயே கத்தியோடு புறப்பட்டு, மரத்துக்கு மரம் சென்று, மெல்லிய கீற்றாகப் பட்டையைச் சீவி, சாய்வாய் ஓடும் வெட்டின் முனையிலே சிரட்டையைப் பொருத்திச் செல்வர். சில மணி நேரத்தின் பின் அவர்களே மீண்டும் வந்து, சிரட்டைகளில் நிறைந்த பாலை வாளியில் வார்த்து எடுத்துச் செல்வர். அன்று மழை பெய்யுமாயின் பால் இல்லை. பால் இல்லையாயின் வருவாயும் குன்றும்.

இம்மலைச் சரிவிலிருந்து உலகின் மறுபுறத்தே ஐக்கிய அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் இருக்கின்றது. அங்கே நிலத்தின் கீழ் ஒன்றிரண்டு மைல் ஆழத்தில் கிடக்கும் களிப்பாறையைப் பிளந்து எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கின்றனர். ஆங்கிலத்தில் ‘ஷேல்’ என வழங்கும் இப்பாறை, பண்டைக் கடல்களின் அடியில் படிந்த நுண்சேறு இறுகி, ஏடு ஏடாகப் பிளக்கும் தன்மை பெற்ற கல்லாகும். அந்தக் கல்லுக்கும் புளத்கொகுபிட்டியவின் சிரட்டையில் வடியும் பாலுக்கும் என்ன உறவு என்று ஒருவர் வினவலாம். உறவு உண்டு. அது நெருங்கிய உறவு. நூறாண்டு வரலாறும் உடையது. களிப்பாறை எண்ணெயின் எதிர்காலம் யாதாகும் என்னும் வினா பெருநாடுகளின் தலைநகரங்களில் மாத்திரம் விடை காணவேண்டிய வினாவன்று என்பதை அவ்வரலாறு தெளிவாக்கும்.

இறப்பர் மரம் இந்நாட்டுக்கு உரியதன்று. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் நாட்டின் அமேசன் காடுகளிலிருந்து அதன் வித்துகளைத் திரட்டி இலண்டன் மாநகரை அடுத்த கியூ தாவரவியற் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். அங்கே முளைத்த கன்றுகளில் ஏறத்தாழ 1,900 அவ்வாண்டிலேயே இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொட பூங்காவிலே நடப்பட்டன. மோட்டார் வண்டி பெருகப் பெருக இறப்பருக்கு விலை ஏறியது. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் களனிப் பள்ளத்தாக்கின் சரிவுகள் விரைவாக இறப்பர்க் காடுகளாயின. அவிசாவளையினூடாக யட்டியாந்தோட்டை வரை ஒடுங்கிய இருப்புப்பாதையும் அக்காலத்திலேயே அமைந்தது. காட்டை வெட்டி, கன்றை நட்டு, பாலை வெட்டிய கரங்களிற் பெரும்பாலானவை தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரால் அழைத்துவரப்பட்டோரின் கரங்களாகும்.

தொடக்கம் முதலே இறப்பரின் விலை நிலையற்றதாக இருந்தது. 1910ஆம் ஆண்டில் அது வானளாவ உயர்ந்தது. முதலாம் உலகப் போரின் பின் வீழ்ந்தது. வீழ்ச்சியைத் தடுக்கும் பொருட்டு 1922 முதல் 1928 வரை பிரித்தானிய ஆட்சியிலிருந்த நாடுகளில் ஸ்டீவன்சன் திட்டத்தின்படி ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1934இல் உற்பத்தி நாடுகள் பலவும் சேர்ந்து மற்றோர் உடன்படிக்கை செய்துகொண்டன. இவ்வாறு விலையைக் கட்டுப்படுத்தியமை இறப்பரை வாங்கும் நாடுகளுக்குக் கசப்பாயிற்று. மரத்தை நம்பாது இறப்பரை உண்டாக்க இயலாதா என்று அந்நாட்டு இரசாயனவியலாளர் முனைந்தனர். ஜெர்மனியில் நிலக்கரியை முதலாகக் கொண்டு செயற்கை இறப்பர் செய்யப்பட்டது. இங்கேதான் எரிபொருளின் கதையும் இறப்பரின் கதையும் முதன்முறை ஒன்றையொன்று தொட்டன.

1942இல் மலாயாவும் சிங்கப்பூரும் யப்பானியர் வசமாயின. இயற்கை இறப்பர் கிடைக்கும் இடங்களில் நேச நாடுகளுக்கு எஞ்சியவற்றுள் இலங்கையே தலையாயதாயிற்று. போர்க்காலத் தேவைக்காக மரங்களின் வருங்கால நலத்தைக் கருதாது மிகையாகப் பால் வெட்டும்படி பணிக்கப்பட்டது. அங்ஙனம் வெட்டுண்ட மரங்கள் விரைவிலே தளர்ந்தன. அதே வேளையில் ஐக்கிய அமெரிக்கா பெரும் பொருட்செலவில் செயற்கை இறப்பர்த் தொழிற்சாலைகளை நிறுவியது. ‘பியூட்டாடையீன்’ என்னும் வாயுவையும் ‘ஸ்டைரீன்’ என்னும் திரவத்தையும் சேர்த்து இந்த இறப்பர் ஆக்கப்படும். தொடக்கத்திலே தானியத்திலிருந்து வடித்த மதுசாரத்திலிருந்து பியூட்டாடையீன் பெருமளவிற் பெறப்பட்டது. பின்னர் பெற்றோலியமே அதன் ஊற்றாயிற்று. போருக்கு முன் மிகச் சிறிதாக இருந்த அமெரிக்கச் செயற்கை இறப்பர் உற்பத்தி 1945ஆம் ஆண்டில் 7 இலட்சம் தொன்னைக் கடந்தது. இலங்கையின் ஓராண்டு விளைச்சலோ ஏறத்தாழ 1 இலட்சம் தொன்னாகவே இருந்தது. அன்று முதல் மலைச் சரிவின் மரத்துக்கு எண்ணெய்க் கிணறு போட்டியாளராயிற்று. எண்ணெயின் விலை குறைந்தால் செயற்கை இறப்பரின் விலை குறையும். செயற்கை இறப்பரின் விலை குறைந்தால் மரத்தின் பாலும் மலிவாக விற்கப்பட வேண்டும். இந்த விதி இன்றளவும் நிலைத்து நிற்கின்றது.

சுதந்திரம் பெற்ற இலங்கைக்கு இவ்விதியின் கடுமை விரைவிலே புலப்பட்டது. கொரியப் போர் மூண்டபோது ஏறிய இறப்பர் விலை 1952ஆம் ஆண்டளவில் சரிந்தது. அரிசியின் விலையோ உலகச் சந்தையில் உயர்ந்து நின்றது. விற்கும் பொருள் மலிய, வாங்கும் பொருள் அரிதாயிற்று. அந்நிலையில் 1952ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் இலங்கை அரசு சீனாவுடன் ஐந்தாண்டு உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டது. ஆண்டுதோறும் சீனா 2,70,000 தொன் அரிசி தரும். இலங்கை 50,000 தொன் இறப்பர் தரும். டட்லி சேனநாயக்கா பிரதமராகவும் ஆர். ஜீ. சேனநாயக்கா வர்த்தக அமைச்சராகவும் இருந்த காலம் அது. அமெரிக்கா இதனை விரும்பவில்லை; தனது உதவித் திட்டங்களிலிருந்து சில ஆண்டுகள் இலங்கையை விலக்கி வைத்தது. எனினும் உடன்படிக்கை நிலைத்தது. பின்னர் பலமுறை புதுப்பிக்கவும் பட்டது. சந்தை கூறும் விலையை வாய்மூடி ஏற்கும் நிலையிலிருந்து ஒரு சிறுநாடு விலகி நின்று பேரம் பேசியமைக்கு இது சான்றாகும்.

1953ஆம் ஆண்டில் இறப்பர் மீள்நடுகை உதவித் திட்டம் சட்டமாயிற்று. முதிர்ந்த, தளர்ந்த மரங்களை அகற்றி உயர்ந்த விளைச்சல் தரும் இனங்களை நடுவோருக்கு அரசு பணம் வழங்கிற்று. அன்று நட்ட மரங்கள் அடுத்த தலைமுறைக்குச் சோறு போட்டன.

ஆயின் இவ்வரலாற்றிற்கு ஒரு கரிய பக்கமும் உண்டு. நாட்டுக்கு அரிசி கொணர்ந்த அந்தப் பாலை வெட்டியோருள் பெருந்தொகையினர் அந்நாட்டின் பிரசைகளாகக் கணிக்கப்படவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை வெளியே நிறுத்தியது. அதனைத் தொடர்ந்து வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தொகைக் கணக்காக இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. பேரத்தின் பயனை நாடு பெற்றது. பால் வெட்டியவன் பேரத்தின் மேசையிலே இடம் பெறவில்லை.

இனிக் களிப்பாறையின் வரலாற்றை நோக்குவோம். அது பெட்ரோலியக் கிணற்றினும் பழமையானது. 1850ஆம் ஆண்டில் ஜேம்ஸ் யங் என்னும் ஸ்கொத்லாந்து இரசாயனவியலாளர், எண்ணெய்ச் சத்து மிகுந்த ஒருவகை நிலக்கரியைச் சூடாக்கி விளக்கெண்ணெயும் மெழுகும் வடிக்கும் முறைக்கு உரிமை பெற்றார். அந்நிலக்கரி அருகியபின் அங்குள்ள களிப்பாறையை வெட்டி, உலையிலிட்டு, எண்ணெய் வடித்தனர். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1859ஆம் ஆண்டில் டிரேக் என்பார் துளையிட்ட கிணற்றில் எண்ணெய் கிடைத்ததும், பாறையைச் சுட்டு எடுப்பது செலவு மிகுந்த வழியாயிற்று. எனினும் ஸ்கொத்லாந்தின் தொழில் மெல்ல மெல்லத் தேய்ந்து 1962ஆம் ஆண்டு வரை நிலைத்திருந்தது. எரிவாயுவின் கதையும் அத்தகையதே. 1821ஆம் ஆண்டில் நியூயோர்க் மாநிலத்தின் பிரடோனியா என்னும் ஊரிலே வில்லியம் ஹார்ட் என்பவர் தோண்டிய ஆழமற்ற கிணற்றிலிருந்து வந்த வாயு, களிப்பாறையிலிருந்து வந்ததேயாகும்.

இன்று உலகச் சந்தையை அசைத்துள்ள முறை வேறு. பாறையை வெளியே எடுத்துச் சுடுவதில்லை; பாறை கிடக்கும் இடத்திலேயே அதனைப் பிளக்கின்றனர். களிப்பாறையின் நுண்துளைகளில் எண்ணெயும் வாயுவும் அடைபட்டுக் கிடக்கின்றன. துளைகள் ஒன்றோடொன்று தொடர்பற்றிருத்தலால் சாதாரணக் கிணற்றுக்கு அவை ஓடி வருவதில்லை. ஆகவே முதலில் செங்குத்தாகத் துளையிட்டு, ஆழத்திலே துளையைத் திருப்பி, பாறைப் படையினூடே கிடைமட்டமாக ஒரு மைலுக்கு மேல் செலுத்துவர். பின் ஒரு கோடி லீற்றருக்கும் மேற்பட்ட நீரை, மணலும் சில இரசாயனப் பொருள்களும் கலந்து, பேரழுத்தத்துடன் உட்செலுத்துவர். பாறை விரிசல் காணும்; விரிசல் மூடாதபடி மணல் தாங்கி நிற்கும்; அவ்வழியே எண்ணெயும் வாயுவும் வெளிவரும். நீரழுத்தத்தாற் பாறை பிளக்கும் சோதனை 1947இலேயே அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் நடந்தது. ஆயினும் களிப்பாறையில் அது இலாபம் தருமாறு செய்தவர் ஜோர்ஜ் மிச்செல். ஆடு மேய்த்த கிரேக்கக் குடியேறி ஒருவரின் மைந்தரான இவர், டெக்சாசின் பார்னெட் களிப்பாறையில் 1981 முதல் பதினேழாண்டு விடாது முயன்றார். 1990களின் இறுதியில் நீரை மிகுதியாகவும் தடித்த கூழைக் குறைவாகவும் பயன்படுத்திய முறை வெற்றி தந்தது. அதனோடு கிடைத்துளைக் கலையும் சேர்ந்தபின் வளர்ச்சி பெருவெள்ளமாயிற்று.

2008ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கா நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 இலட்சம் பீப்பாய் மசகு எண்ணெய் எடுத்தது. 2018இல் அது ஏறத்தாழ 110 இலட்சம் பீப்பாயாகி, சவூதி அரேபியாவையும் உருசியாவையும் விஞ்சியது. 2023இல் 129 இலட்சம் பீப்பாயை எட்டியது. நாற்பதாண்டு காலம் தடைசெய்யப்பட்டிருந்த மசகு எண்ணெய் ஏற்றுமதி 2015ஆம் ஆண்டு டிசம்பரில் அனுமதிக்கப்பட்டது. 2016இல் களிப்பாறை வாயு திரவமாக்கப்பட்டு லூசியானாவின் கரையிலிருந்து கப்பலேறியது. 2023இல் திரவ எரிவாயு ஏற்றுமதியிலும் அந்நாடே உலகில் முதலிடம் பெற்றது.

இவ்வெள்ளத்தின் முன் பழைய உற்பத்தி நாடுகள் திகைத்தன. 2014ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் வியன்னாவிற் கூடிய எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் அமைப்பு, உற்பத்தியைக் குறைத்து விலையைத் தாங்க மறுத்தது. விலை வீழ்ந்தால் செலவு மிகுந்த களிப்பாறைக் கிணறுகள் ஓய்ந்துவிடும் என்பது அதன் கணிப்பு. அவ்வாண்டு யூன் மாதத்தில் பீப்பாய் 110 டொலருக்கு மேல் விற்ற எண்ணெய், 2016 சனவரியில் 30 டொலருக்கும் கீழே போயிற்று. அமெரிக்க நிறுவனங்கள் பல முறிந்தன. ஆனாற் களிப்பாறைத் தொழில் அழியவில்லை. 2016 டிசம்பரில் உருசியா முதலிய நாடுகளையும் சேர்த்துக்கொண்டு உற்பத்தியைக் குறைக்க எண்ணெய் நாடுகள் இணங்கின.

யானைகள் பொருதும்போது மிதிபடுவது அடியிலுள்ள புல் அன்றோ? 2011ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உலகச் சந்தையிற் கிலோவுக்கு 6 டொலர் வரை விற்ற இறப்பர்த் தாள், 2016ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதன் காற்பங்குக்கும் கீழாக வீழ்ந்தது. இவ்வீழ்ச்சிக்கு எண்ணெய் மாத்திரம் காரணமன்று. விலை ஏறியிருந்த காலத்தில் தென்கிழக்காசிய நாடுகள் அளவிறந்து நட்ட மரங்கள் பாலுக்கு வந்தன. சீனாவின் தேவையும் தளர்ந்தது. ஆனால் தாழ்ந்த விலையிலிருந்து இறப்பர் எழவிடாமல் அழுத்திய கரங்களில் மலிவான எண்ணெயும் ஒன்று. சிங்கப்பூர், ஒசாக்கா, ஷாங்காய் நகரங்களின் சந்தைகளில் இறப்பர் வாங்குவோர் எண்ணெய் விலையைப் பார்த்தே தம் விலையைக் கூறுகின்றனர். கொழும்பின் ஏலம் அவ்விலைகளைப் பின்தொடர்கின்றது. இலங்கையில் 2011இல் ஏறத்தாழ 1,58,000 தொன்னாக இருந்த உற்பத்தி 2016இல் ஏறத்தாழ 79,000 தொன்னாக, அதாவது பாதியாகக் குறைந்தது. பருவம் தவறிய மழையும், ஆள் பற்றாக்குறையும், பிற்காலத்தில் இலைநோயும் சேர்ந்துகொண்டன. ஆயினும் பால் வெட்டும் கூலிக்கே விலை போதாது என்ற கணக்கிலே கைவிடப்பட்ட மரங்கள் பலவாகும்.

இங்கேதான் கிணற்றுக்கும் மரத்துக்கும் உள்ள வேற்றுமை புலனாகின்றது. களிப்பாறைக் கிணறு ஒன்றைச் சில வாரங்களில் துளையிடலாம். சில மாதங்களில் எண்ணெய் வரும். முதலாண்டிலேயே அதன் விளைவு பாதிக்கும் மேற்பட்டுக் குறைந்துவிடும். ஆகவே விலை ஏறினாற் புதிய கிணறு தோண்டுவர். விலை இறங்கினால் துளைப்பொறியை நிறுத்துவர். இறப்பர் மரமோ நட்ட ஆறு ஏழு ஆண்டுகளின் பின்னரே பால் தரும். அதன்பின் இருபத்தைந்து முப்பது ஆண்டு தந்துகொண்டிருக்கும். விலை இறங்கியது என்று அதனை நிறுத்திவைக்க இயலாது. ஏறியது என்று உடனே பெருக்கவும் இயலாது.

2011ஆம் ஆண்டில், விலை உச்சத்தில் இருந்தபோது, நம்பிக்கையோடு அரை ஏக்கர் நிலத்திற் கன்று நட்ட ஒரு சிறுதோட்டக்காரரை எண்ணிப் பார்க்கலாம். அவருடைய மரம் 2017ஆம், 2018ஆம் ஆண்டுகளிற் பாலுக்கு வந்தது. அந்த இடைவெளியில் அமெரிக்காவின் எண்ணெய் உற்பத்தி ஏறக்குறைய இருமடங்காகிவிட்டது. கன்று நட்ட நாளின் விலையில் காற்பங்கே பால் வெட்டிய நாளில் அவருக்குக் கிடைத்தது. அவர் பிழை செய்தவரல்லர், சோம்பியவருமல்லர். முப்பதாண்டுக் கடிகாரத்தைப் பார்த்து உழைத்தவரை ஆறுமாதக் கடிகாரம் தோற்கடித்தது.

இவ்வுறவில் மறைவான ஒரு நன்மையும் உண்டு. செயற்கை இறப்பருக்கு வேண்டிய பியூட்டாடையீன், எதிலீன் என்னும் வாயுவை ஆக்கும் ஆலைகளில் உபபொருளாகக் கிடைப்பது. மசகு எண்ணெயிலிருந்து பிரியும் நாஃப்தாவை அவ்வாலைகளில் உடைத்தால் பியூட்டாடையீன் கணிசமாக வரும். களிப்பாறை வாயுவோடு மலிவாகக் கிடைத்த ஈதேனை உடைத்தாலோ, எதிலீன் மிகுதியாக வரும். பியூட்டாடையீன் மிகச் சிறிதே வரும். அமெரிக்க ஆலைகள் நாஃப்தாவை விட்டு ஈதேனுக்கு மாறியபோது பியூட்டாடையீனுக்குத் தட்டுப்பாடு நேர்ந்தது. 2011ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அதன் விலை மிக உயர்ந்தது. ஆகக் களிப்பாறை எண்ணெய் இறப்பர் மரத்தின் விலையைத் தாழ்த்த, களிப்பாறை வாயு ஓரளவு அதனைத் தாங்கிற்று எனலாம். ஒரே பாறையின் இரு பொருள்கள் ஒரே மரத்தை எதிரெதிர்த் திசைகளில் இழுக்கின்றன. பால் வெட்டுவோர் அறியாத இடத்தில், அவர் கேளாத பெயருடைய வாயு ஒன்றினால், அவரது வாழ்வு ஏறியும் இறங்கியும் செல்கின்றது.

மலிவான எண்ணெய் விற்பவரைத் தாக்கும் என்றால், விலையேறிய எண்ணெய் அவரை வாழ்விக்குமா? 2022ஆம் ஆண்டு அதற்கு விடை கூறியது. உக்ரேனில் போர் மூண்டபின் மார்ச்சு மாதத்தில் எண்ணெய் விலை பீப்பாய்க்கு 120 டொலரைக் கடந்தது. அந்நியச் செலாவணி தீர்ந்துபோன இலங்கை ஏப்பிரல் மாதத்தில் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்தியது. நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நேர்ந்தது. எரிபொருள் நிலையங்களின் முன் மக்கள் இரவு பகலாக நின்றனர். அவ்வாண்டு ஆகத்து மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவாயிற்று. விளக்குக்கும் அடுப்புக்கும் மண்ணெண்ணெயை நம்பிய ஏழைக் குடும்பங்களை அது வாட்டியது. இறப்பருக்குச் சிறிது கூடிய விலை கிடைத்த இடத்திலும், அரிசியும் மாவும் பேருந்துக் கட்டணமும் அதனை விஞ்சிப் பறந்தன. எண்ணெய் இறங்கினால் விற்பனையில் நட்டம். எண்ணெய் ஏறினால் வாங்குவதில் நட்டம். மரத்தால் விழுந்தவனை மாடேறி மிதித்தது போலாயிற்று அவர்கள் நிலை.

இவ்வளவும் அறிந்தபின், களிப்பாறை எண்ணெயின் எதிர்காலத்தை வினவுவது பொருத்தமாகும். 2013ஆம் ஆண்டில் அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் உலகின் களிப்பாறைகளை மதிப்பிட்டு, தொழில்நுட்பத்தால் எடுக்கத்தக்க எண்ணெய் 34,500 கோடி பீப்பாய் என்று கூறியது. ஆயினும் பாறை இருத்தல் வேறு, எண்ணெய் வருதல் வேறு. சீனா சொங்சிங் மலைப்பகுதியில் வாயுவும், ஆர்ஜென்டீனா ‘வாக்கா முவேர்த்தா’ என்னும் படுகையில் எண்ணெயும் வாயுவும் எடுக்கின்றன. பிரான்சு 2011இல் பாறை பிளக்கும் முறையைத் தடைசெய்தது. நிலநடுக்கங்கள் உணரப்பட்டதை அடுத்து இங்கிலாந்து 2019இல் அதனை நிறுத்தியது. இந்தியா 2013இல் களிப்பாறை வாயுவுக்கெனக் கொள்கை வகுத்தது. ஆயின் காவிரிப் படுகையின் உழவர் எரிவாயுத் திட்டங்களை எதிர்த்து நெடுநாள் போராடினர். 2017இல் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசல் அப்போராட்டத்தின் பெயராயிற்று. 2020இல் தமிழக அரசு காவிரிக் கழிமுகத்தைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டத்தை இயற்றியது. ஒரு கிணற்றுக்கு ஒரு கோடி லீற்றர் நீர் வேண்டும் தொழில், நெல்லுக்கு நீர் போதாத நாட்டில் எளிதில் வேர்கொள்ளாது.

அமெரிக்காவிலேயும் இத்தொழிலுக்கு எல்லைகள் உள. சிறந்த நிலங்கள் முதலிலே துளையிடப்பட்டுவிட்டன. விளைவு விரைந்து குறைதலால், உற்பத்தியை அதே அளவில் வைத்திருப்பதற்கே இடையறாது புதுக்கிணறு தோண்டவேண்டும். 2020 ஏப்பிரல் 20ஆம் நாள் கொள்ளைநோயின் நடுவே அமெரிக்க எண்ணெய்யின் முன்வணிக விலை பூச்சியத்துக்குக் கீழே போய், எண்ணெயை ஏற்றுக்கொள்வதற்குப் பணம் கொடுக்கும் விந்தையும் நிகழ்ந்தது. அதன்பின் முதலீடு செய்தோர் எச்சரிக்கை அடைந்தனர். காலநிலை மாற்றமும், மின்சாரத்தால் இயங்கும் வாகனங்களும் எண்ணெயின் தேவையை மெல்ல மெல்லக் குறைக்க முயல்கின்றன.

ஆனால் எண்ணெயின் தேவை குறைவதால் இறப்பர் மரத்தின் போட்டி நீங்கிவிடும் என்று கருதுதல் தவறு. மின்வாகனத்துக்கும் சக்கரம் வேண்டும். அதன் பாரம் மிகுதியாதலின் சக்கரம் விரைந்து தேயவும் கூடும். வாகனங்களில் எரிக்கப்படாத எண்ணெய் இரசாயன ஆலைகளை நாடிச் செல்லும். எண்ணெய்த் தேவையின் வருங்கால வளர்ச்சியில் மூன்றிலொரு பங்குக்கு மேல் இரசாயனத் தொழிலே கொள்ளும் என்று 2018இல் சர்வதேச எரிசக்தி முகாமை எடுத்துக்காட்டியது. இறுதியில் எண்ணெயும் மரமும் ஒரே வாசலில், ஒரே வாங்குவோனின் முன் இன்னும் நெருங்கி நிற்கும். விமானச் சக்கரங்களும் பாரவண்டிச் சக்கரங்களும் இயற்கை இறப்பரை இன்றி அமையா என்பது மரத்தின் வலிமை. விலையைக் குறிக்கும் உரிமை அதற்கு இன்மை அதன் குறை.

களிப்பாறை எண்ணெயின் விலை இனி ஏறுமோ இறங்குமோ என்று துணிந்து கூறவல்லார் எவருமிலர். விரைந்து தோண்டி விரைந்து வற்றும் கிணறுகள் சந்தையில் உள்ளவரை, ஏற்றமும் இறக்கமும் அடிக்கடி நிகழும் என்பது மாத்திரம் உறுதி. ஆதலின் அவ்வலையை அடக்க முயல்வதினும், அதனைத் தாங்கும் கரையைக் கட்டுதலே சிறுநாட்டின் கடமையாகும். அக்கரை எவ்வாறு கட்டப்படும் என்பதை இந்நாட்டு வரலாறே காட்டியிருக்கின்றது. 1952இல் ஐந்தாண்டுக்கு முன்கூட்டியே வாங்குவோனை உறுதிசெய்தனர். 1953இல் மீள்நடுகைக்குப் பணம் ஒதுக்கினர். அவை இரண்டும் மரத்தின் கடிகாரத்தை நோக்கிச் செய்த செயல்கள். இன்று இலங்கையின் இறப்பரிற் பெரும்பகுதி உள்நாட்டிலேயே சக்கரமாகவும் கையுறையாகவும் ஆக்கப்படுகின்றது. தொழிற்சாலைகளுக்குப் போதாமல் இறப்பர் இறக்குமதியும் செய்யப்படுகின்றது. வாங்குவோன் உள்நாட்டிலேயே இருக்கும்போது, ஆண்டுக் கணக்கில் நிலைத்த விலையை உடன்படிக்கையால் அமைத்தல் அன்றைய பேரத்தினும் கடினமாக இராது.

அன்று விடுபட்ட ஒன்றை மாத்திரம் இம்முறை விடலாகாது. பேரம் பேசப்படும் மேசையிலே பால் வெட்டுவோருக்கும் ஓர் இருக்கை வேண்டும். 1952ஆம் ஆண்டின் அரிசியை அவர்களுடைய கத்தியே கொணர்ந்தது. அவர்களோ அந்நாட்டின் வாக்காளர் பட்டியலில் இல்லாதிருந்தனர். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பிரசைகள், வாக்குரிமை உடையோர். டெக்சாசின் பாறையில் நிகழ்வதைத் தடுக்கும் ஆற்றல் அவர்களுக்கு இல்லை. புளத்கொகுபிட்டியவின் சரிவில் நடப்படும் அடுத்த கன்று, ஏழாண்டின் பின் பாலுக்கு வரும் நாளில் என்ன விலை பெறவேண்டும் என்பதைக் கேட்டுப் பெறும் உரிமை அவர்களுக்கு உண்டு.